ஏழு மணி வகுப்பு

“எம்மா! க்ளாஸ் நடக்கு. செத்த நேரம் சத்தம் போடாம இருங்களேன்!”

ஜாபேஸ் கதவைப் பார்த்துக் கத்தினான். லேப்டாப் திரையில் ஹனோய் வாத்தியார் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். வியட்நாமிய மொழி படிக்க வந்த பதினோரு பேர் பதினோரு நாடுகளிலிருந்து அவனையே பார்த்தார்கள். மைக்கை அணைக்க மறந்துபோயிருந்தான்.

சமையலறையிலிருந்து அம்மா ஞானபாயின் குரல் வந்தது. “பிள்ளைக்கு ட்யூஷன் எடுக்கேம்லே. வாயத் தொறக்காம எப்படி எடுக்க?”

நாசரேத்தில் முப்பத்தொரு வருடம் டீச்சராக இருந்தவள். ஓய்வுபெற்று மகனோடு தூத்துக்குடிக்கு வந்த பிறகும், யாருக்காவது அ, ஆ சொல்லிக்கொடுக்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. தெருவில் எந்தப் பிள்ளை மாட்டியதோ என்று ஜாபேஸ் நினைத்துக்கொண்டான். எழுந்துபோய்ப் பார்க்க நேரமில்லை. இது இருபத்தொரு நாள் தீவிரப் பயிற்சி, தினமும் மாலை ஏழு முதல் ஒன்பது வரை. அதில் மூன்று நாள் ஏற்கெனவே போய்விட்டது.

காரணம் மாடியில் குடியிருந்தாள். பெயர் லான். புதிதாக வந்திருக்கும் மின்சாரக் கார் தொழிற்சாலைக்கு வியட்நாமிலிருந்து வந்த இன்ஜினியர். எட்டு மாதமாக இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வருகிறதா, வரவில்லையா, மோட்டார் போடவா, நிறுத்தவா. ஷிப்பிங் ஏஜென்சியில் பகலெல்லாம் அவன் சரக்குக் காகிதம் எழுதுகிற அதே இங்கிலீஷ். அதில் மோட்டாரைப் பற்றிப் பேசலாம், மனசைப் பற்றிப் பேச முடியாது என்று ஜாபேஸ் திடமாக நம்பினான். முப்பத்து நான்கு வயதுவரை தமிழிலும் அவன் யாரிடமும் மனசைப் பற்றிப் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

மாதக் கடைசியோடு லானின் வேலைக்காலம் முடிகிறது என்று அம்மாதான் சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டிருக்கிறதாம், அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாளாம். அன்றைக்கே பயிற்சியில் சேர்ந்துவிட்டான். ‘போகாதீர்கள், எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது’ என்று அவள் மொழியிலேயே சொன்னால் அவள் தங்கிவிடுவாள். அதுவரை அவளிடம் மூச்சுவிடக் கூடாது.

ஆபீசில் உடன் வேலை பார்க்கும் கிங்ஸ்டன் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

“நேர்ல ஒரு ஆளுகிட்ட உக்காந்து பேசாம பாஷை வருமாலே? ஸ்க்ரீனப் பாத்துப் படிச்சவன் ஸ்க்ரீன்கிட்டதான் பேசுவான்.”

“இது இன்டென்சிவ்லே. ரெண்டு வருசப் படிப்ப மூணு வாரத்துல முடிச்சிருவாங்க.”

“மாடியிலயே ஆள் இருக்கு. சோத்துக்கு என்ன சொல்லுவீங்க, மீனுக்கு என்ன சொல்லுவீங்கன்னு அவகிட்டயே கேக்க வேண்டியதுதான?”

“போலே. கல்யாணப் பொண்ணுகிட்டயே பத்திரிகைக்குப் பிழை திருத்தக் குடுப்பாங்களா?”

சமையலறைச் சத்தத்துக்கு மருந்தாகப் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கினான். அம்மாவின் ட்யூஷன் காதில் விழவில்லை. அவன் குரலும் அவன் காதில் விழவில்லை. வியட்நாமிய மொழியில் ஒரே எழுத்தை ஏற்றியும் இறக்கியும் உடைத்தும் விழுங்கியும் சொல்ல வேண்டும். ஆறாம் நாள் எதிர்வீட்டு சுந்தரராஜ் அண்ணாச்சி கையில் ஓமத் திரவ பாட்டிலோடு வந்துவிட்டார்.

“தம்பிக்கு வயித்துவலின்னு தெரு பூரா பேச்சா இருக்கு.”

அவரை அனுப்பிவிட்டு ஜன்னலை இறுக அடைத்தான், போதாதென்று போர்வைக்குள்ளும் போனான். உங்கள் ஊரில் எப்போதும் மின்வெட்டா என்று வாத்தியார் அனுதாபத்தோடு விசாரித்தார். ஜன்னலை அடைத்ததில் சிக்னலும் படுத்துவிட்டது. பத்தாம் நாள் போனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான்.

அங்கே காற்று அவன் பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. மன்னிப்புக் கேட்டு இடம் மாறப் போனவனை வாத்தியார் தடுத்தார். போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்புங்கள் என்றார். திருப்பினான். தூரத்தில் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நங்கூரம் போட்ட கப்பல்கள் மிதக்கின்றனவா நிற்கின்றனவா என்று தெரியாமல் கிடந்தன. வாத்தியாரும் பதினோரு பேரும் வாய் பேசாமல் தூத்துக்குடிக் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜாபேஸுக்கு உடம்பு லேசாகிப் போனது. இங்கே தன் காலை நனைக்கிற தண்ணீர் ஒருநாள் லானின் ஊர்க் கரையையும் தொட்டிருக்கும் என்று தோன்றியது. புவியியல்படி அது சரியா என்று அம்மாவிடம் கேட்டிருக்கலாம், ஆனால் அவனுக்குத் தேவைப்படவில்லை. லான் பக்கத்தில் நடக்கிறாள். செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள். அவன் அவள் மொழியில் என்னவோ சொல்கிறான், அவள் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். என்ன சொன்னான் என்பதுதான் அலைச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அதற்கு முன் அறிந்ததில்லை. வகுப்பு முடிந்து திரை இருண்டது கூடத் தெரியாமல் அரைமணி நேரம் நின்றான். அன்றைக்கு வினைச்சொற்கள் நடத்துவதாக இருந்தது. அவை மொத்தமாகப் போயின.

விட்டதைப் பிடிக்க, மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். பதினாலாம் நாள், ஹெட்போன் ஒரு காதிலிருந்து நழுவிய நேரத்தில், யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு தடவை.

“க்ளாஸ் நடக்கு! யாரா இருந்தாலும் ஒம்பது மணிக்கு மேல!”

தட்டல் நின்றது. ஒன்பது மணிக்கு மேல் யாரும் வரவில்லை.

கடைசி நாள் தேர்வு. படத்தைப் பார்த்துச் சரியான விடையைத் தொட வேண்டும். ஆப்பிள், பஸ், குடை. ஜாபேஸ் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கினான். சான்றிதழை அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் வாசலில் விமான நிலையத்துக்குப் போகிற கார் நின்றது. லான் இரண்டு பெட்டிகளோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. ஜாபேஸ் படியின் முன்னால் போய் நின்று, மூச்சை இழுத்து, மூன்று வாரம் பாடுபட்டுப் பழகிய வாக்கியத்தைச் சொன்னான். அவள் விழித்தாள். இன்னும் ஏற்றி இறக்கி மறுபடியும் சொன்னான். காரோட்டி வன்னியபெருமாள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினார்.

லான் திரும்பி ஞானபாயைப் பார்த்தாள்.

“எம்மா, இவுக என்ன சொல்லுதாக? எனக்கு ஒண்ணும் வெளங்கலியே.”

ஜாபேஸ் வாயைப் பிளந்தான். அவள் பேசியது தமிழ். அதுவும் புத்தகத் தமிழ் இல்லை, அச்சு அசலாக நாசரேத்துத் தமிழ்.

“தமிழ்லயே சொல்லுங்க” என்றாள் அவனிடம்.

ஆப்பிள், பஸ், குடை எல்லாம் அவனுக்கு ஒரு நொடியில் மறந்துபோயின.

“போகாதீங்க” என்றான்.

லான் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வன்னியபெருமாளிடம், “அண்ணாச்சி, செத்த நேரம் நில்லுங்க” என்றாள்.

“தமிழ்... யார்கிட்டப் படிச்சீங்க?” என்று கேட்டான் ஜாபேஸ்.

பதில் ஞானபாயிடமிருந்து வந்தது.

“எங்கிட்டதாம்லே. உங்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும்னு தெனமும் ஏழு மணிக்குக் கீழ எறங்கி வருவா, நீ கதவச் சாத்திருப்ப. வந்த பிள்ளைய எப்படிச் சும்மா உக்கார வைக்கன்னு அ, ஆ ஆரம்பிச்சேன். ‘நான் இருக்கவா, போகவா’ன்னு உங்கிட்டக் கேக்க ஒரு வாரமா மனப்பாடம் பண்ணி, ஒருநா வந்து கதவயும் தட்டுனா. நீ ஒம்பது மணிக்கு மேல வரச் சொல்லிட்டியேலே!”