எந்த எமில்?

ப்ராடர்ஸ்பர்க், பென்சில்வேனியா
ஆகஸ்ட் 1974, வியாழக்கிழமை

மாண்புமிகு மாற்று வெளிக்கள வீரரும், பெஞ்சின் நிரந்தரக் காவலரும், எனக்கு ஒரே அண்ணனுமாகிய எமில் விராபெல் அவர்களுக்கு, ஆகி என்கிற தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். யாரும் யாருடனும் பேசாத வீட்டில் நலத்துக்கு என்ன குறை?

முக்கிய அறிவிப்பு ஒன்று. இன்று காலை உணவின்போது நம் தந்தையார் வாய் திறந்து பேசினார். பேசிய சொல் 'உப்பு'. அம்மா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டாவது சொல் வெளியே வருமா என்று நானும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். முட்டைதான் உள்ளே போனது.

இந்த மௌன விரதத்துக்குக் காரணம் நீ. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சீசன் முடிந்ததும் பேஸ்பாலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆக்ரனில் மிக்கி மாமாவோடு டயர் விற்கப் போவதாக அம்மாவுக்கு எழுதியிருக்கிறாயே, முதல் ஹோம் ரன் அடித்த அன்றே சொந்த அப்பா 'அங்க மழையா?' என்று கேட்டால் அப்புறம் யாருக்காக ஆடுவது என்று வேறு கேட்டிருக்கிறாயே, உன் மூளையையும் மாற்று வீரராக உட்கார வைத்துவிட்டார்களா? செவ்வாய்க்கிழமை நீ பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது உன் கூட்டாளிகள் என்ன செய்தார்கள்? ஒருவராவது கை கொடுத்தார்களா? ஒருத்தர் மேலே பார்த்திருப்பார், ஒருத்தர் ஷூ கயிற்றைக் கட்டியிருப்பார். ஒன்றுமே நடக்காத மாதிரி உன்னைத் தவிக்கவிட்டு, அப்புறம்தான் மொத்தக் கூட்டமும் உன் மேல் விழுந்து மொத்தியிருக்கும். முதல் ஹோம் ரன் அடித்தவனுக்கு அதுதானே மரியாதை! அதையேதான் நாங்களும் செய்தோம். திட்டம், இயக்கம் எல்லாம் அடியேன். வானொலியில் உன் ஆட்டத்தை ஒரு பந்து விடாமல் கேட்டு, வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தியதும் நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்து, அம்மா கண்ணைத் துடைத்து, அப்பா மூக்கைச் சிந்தி முடித்த கையோடு, 'அவன் போன் பண்ணுவான், யாரும் மூச்சு விடக் கூடாது' என்று உத்தரவு போட்டவன் நான்தான்.

எவ்வளவு அற்புதமாக நடித்தோம், நினைத்துப் பார்!

"ஹலோ, நான்தான் எமில்."

"எந்த எமில்? இங்க ஒருத்தன் இருந்தான், பெஞ்சோட ஒட்டிக்கிட்டான்னு கேள்வி."

"டேய் ஆகி, விளையாடாத, அம்மாகிட்ட குடு."

"ஏன்டா கண்ணா, இன்னிக்கு முட்டைக்கோஸ்ல கறி பொதிஞ்சு வச்சேன், நீதான் இல்ல. சாப்டியா? இரு, அப்பா பேசணுமாம்."

"என்னடா, அங்க மழையா?"

"மழையெல்லாம் இல்லப்பா. இன்னிக்கு ஆட்டம்… கேட்டீங்களாப்பா?"

"அது தினமும் நடக்கிறதுதானே. உடம்பப் பாத்துக்க."

மேல் விழுந்து மொத்துவதற்கு நான் சைகை காட்ட வேண்டும். அதற்குள் நீ 'சரிப்பா, வைக்கிறேன்' என்று வைத்துவிட்டாய். ஒரு நிமிடம் பொறுக்க மாட்டாயா? வருடக்கணக்காக பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையையே தொழிலாகச் செய்கிறவன்தானே நீ! 'இருப்பு' வீரர் என்றால் இருப்பதுதானே வேலை?

மறுநாளும் அப்பா நடிப்பை விடவில்லை. எஃகு ஆலை வாசலில், கூட வேலை பார்க்கும் ஹுடாக், "விராபெல், உன் பையன் நேத்து பந்தை ஊரைத் தாண்டி அனுப்பிட்டானாமே!" என்று கட்டிப் பிடித்திருக்கிறார். அப்பா முகத்தில் எதையும் காட்டாமல், "எந்தப் பையன்?" என்று கேட்டிருக்கிறார். என்ன கலைஞன்! ஹுடாக் பயந்துபோய், அப்பன் பிள்ளைக்குள் பெரிய தகராறு என்று மனைவியிடம் சொல்ல, அந்த அம்மாள் கோவிலில் சொல்ல, நேற்று மாலை பாதிரியாரே சமாதானம் பேச வந்துவிட்டார். "மகன் தப்பு பண்ணா மன்னிக்கணும், விராபெல்" என்றார். அப்பா கொல்லைப் பக்கம் எழுந்து போனார். அம்மா வைத்த எட்டுத் துண்டு கேக்கையும் பாதிரியார்தான் சாப்பிட்டார். இந்த வீட்டில் இருப்பதற்கு உன் பெஞ்சே மேல். அங்கே துப்பவாவது வாயைத் திறக்கிறார்கள். என் பெயர்தான் ஆகி, இவர்களோடு மல்லுக்கட்டி நான் என்ன ஆகப்போகிறேனோ!

ஆகவே அண்ணா, டயர் எண்ணத்தின் காற்றைப் பிடுங்கிவிடு. உன்னை மொத்த வேண்டிய பாக்கியை போனில் தீர்க்க முடியாது. திங்கட்கிழமை உங்களுக்கு ஆட்டமில்லை என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறி வா.

உன் மட்டை முறியாமலும், கால்சட்டையின் பின்புறம் தேயாமலும் இருக்கக் கடவது. அம்மாவின் முத்தங்கள். ஹுடாக் விசாரித்தார். பாதிரியார் உனக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக ஜெபிக்கிறார். ஒரே ஜெபத்தில் சேர்த்தால் அடிதடி ஆகிவிடுமோ என்று பயமாம்.

இப்படிக்கு,
திட்டமிட்டுச் சாதித்த தம்பி,
ஆகி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன். மறுபடி எடுத்து இதை எழுதுகிறேன். திட்டமும் இல்லை, மண்ணும் இல்லை. நாங்கள் ஆட்டத்தைக் கேட்கவே இல்லை. அதாவது, எட்டு ஓட்டம் முன்னால் இருக்கிறீர்கள், உன்னை எழுப்பவா போகிறார்கள் என்று நான்தான் வானொலிக் குமிழைத் திருகிப் பாட்டு வைத்தேன். அப்பா "இருடா, கடைசில எறக்குவாங்க" என்றார். "எறக்கி? காத்து வாங்கவா?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். நீ போன் செய்தபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது; மழையா என்று நிஜமாகவே கேட்டார். ஹுடாக்கிடம் 'எந்தப் பையன்' என்றதும் நடிப்பு இல்லை. மேல் விழுந்து மொத்துகிற வழக்கமெல்லாம் ஹுடாக் கொண்டுவந்த செய்தித்தாளில் படித்தது. அப்பாவுக்கு உன்மேல் கோபம் இல்லை, அண்ணா. உன் குரலைக் கேட்க வெட்கம். என்னை அவர் அடிக்கவில்லை, அடித்திருந்தால் பரவாயில்லை. வானொலியை உன் ஆட்டம் வரும் நிலையத்தில் வைத்துவிட்டு, இனி யாரும் மாற்ற முடியாதபடி குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆலைக்கும் அதோடுதான் போகிறார். இப்போது வானொலியில் ஏதோ பன்றி விலை நிலவரம் ஓடுகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.