நரசிம்மன் காருக்கு ஒரு கூரை

உத்திரம் நடுவில் தொங்கிவிட்டது. காலையில் நேராகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, வாய் விரித்துச் சிரிப்பதுபோல் வளைந்திருந்தது. கோதண்டராமன் கீழே நின்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார், பார்க்கப் பார்க்க அது தானே நிமிர்ந்துகொள்ளும் என்று நம்புகிறவர்போல.

"இன்னாங்க, எறங்கிக்கினே வருது?" என்றாள் அவர் மனைவி மரகதம் வாசற்படியிலிருந்து.

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு வெயிட்டு. செட்டாவுது."

செட்டாகவில்லை என்று அவருக்கே தெரியும். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் லேத் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். இரும்பில் ஒரு நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். மரம்தான் அவருக்கு அடங்கவில்லை. வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளை உடைத்து, கம்பெனியில் தொழிலாளர்களுக்கே ஏலம் விடுவார்கள். அவர் ஊரான சேரப்பணஞ்சேரியில் பாதி வீடுகளின் கோழிக்கூடும் பரணும் அந்தப் பெட்டி மரம்தான். அவரும் இரண்டு சட்டங்களை எடுத்து, நீளம் போதாமல் ஒன்றோடு ஒன்றை நடுவில் ஒட்டுப்போட்டு, போல்ட் முடுக்கி உத்திரமாக ஏற்றியிருந்தார். போல்ட் அசையவில்லை. அதைச் சுற்றியிருந்த மரம்தான் மெதுவாகப் பிளந்துகொண்டிருந்தது.

கார் நிறுத்துவதற்காகத்தான் அந்தக் கூரை. அவரிடம் கார் கிடையாது. சைக்கிள்தான்.

கார், மரகதத்தின் தம்பி நரசிம்மனுடையது. தாம்பரத்தில் அடுத்தவன் டாக்ஸியை ஓட்டிக்கொண்டிருந்தவன், நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய அம்பாசடர் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அக்காவிடம் காட்ட நேராக இங்கே ஓட்டி வந்தான். அன்றைக்கு நல்ல மழை. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகச் சிமென்ட் போட்டிருந்த தரையில் ஏற்றி நிறுத்தினான். எஞ்சினிலிருந்து ஆயில் சொட்டியது. எட்டாவதோடு நின்ற பையன் காரில் வந்து இறங்கியதைத் தெருவே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கோதண்டராமன் ஷிப்ட் முடிந்து, தெப்பமாக நனைந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவே வந்தார்.

"இது வூடா, இன்னா டாக்ஸி ஸ்டாண்டா? கார் வெச்சிக்கினு இந்த வாசலுக்கு வராத. அதுக்கு இங்க எடம் கெடையாது."

சொன்னது ஆயிலைப் பற்றி அல்ல. அது உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்த நரசிம்மனுக்கும் புரிந்தது. இலையில் போட்ட சோற்றை அப்படியே விட்டு எழுந்து போனான். பிறகு வரவேயில்லை.

ஆயில் கறை மட்டும் தங்கிவிட்டது. கோதண்டராமன் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார், உமி போட்டுத் தேய்த்தார். சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக அதுதான் தெரியும். மரகதம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்து பழக்கமில்லை. கறைக்கு மேலே ஒரு கூரை போட்டுவிட்டால், வருகிறவனுக்குத் தானாக விளங்கிவிடும் என்று இந்த ஐப்பசியில் அவருக்குத் தோன்றியது.

வேலையை ஆரம்பித்த வாரமே மகள் சசிகலா பெரியவளானாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டிக் கொடுத்தால்தான் பெண்ணை அதில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்ற முடியும். தாம்பரத்துக்கு ஆள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வருவதாக நரசிம்மன் சொல்லியனுப்பினான். அன்று மரகதம் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுதாள்.

"நாலு வருஷம் கழிச்சி வரான். எதுனா பேசி வெக்காதீங்க."

"நான் இன்னா பேசப்போறன்?" என்றார் கோதண்டராமன். பேசாமல் சொல்வதற்குத்தானே அவர் இவ்வளவு பாடும் பட்டுக்கொண்டிருந்தார்.

தொங்கிய உத்திரத்தைப் பார்க்க, கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்யும் தணிகாசலம் வந்தான். எதைப் பற்றிக் கேட்டாலும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். நடுவில் ஒரு முட்டுக் கொடுத்தால் போதும் என்றான். சவுக்குக் கழி ஒன்றை நட்டார்கள். உத்திரம் நிமிர்ந்தது. இரண்டு பேரும் டீ குடித்தபடி அதை ரசித்தார்கள். டம்ளர்களை எடுக்க வந்த மரகதம், கார் எந்தப் பக்கமாக உள்ளே போகும் என்று கேட்டாள்.

கோதண்டராமன் எழுந்து போய் முட்டுக் கழியைப் பிடுங்கினார்.

அதை ஓரமாகத் தள்ளி நட்டார்கள். உத்திரம் மறுபக்கம் தொங்கியது. அந்தப் பக்கமும் ஒன்று நட்டார்கள். இப்போது சைக்கிள் தாராளமாகப் போகும். கம்பி கட்டி மேலிருந்து தூக்கிப் பிடித்தால் கீழே முட்டே வேண்டாம் என்று தணிகாசலம் அடுத்த யோசனையைச் சொன்னான். கட்டுவதற்கு உயரமாக அங்கே இருந்தது முருங்கை மரம் ஒன்றுதான்.

முருங்கையை நம்பி யாரும் குழந்தையைக்கூட ஏறவிட மாட்டார்கள். கோதண்டராமனுக்கும் அது தெரியும். ஆனால் அது சனிக்கிழமை.

கம்பியை முடுக்கிய மறுநிமிஷம் கிளை காய்களோடு முறிந்து கூரையில் விழுந்தது. ஷீட்டுகள் நொறுங்கின. உத்திரம் ஒட்டுப்போட்ட இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மரகதம் வந்து பார்த்தாள். கிடந்த காய்களை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. கோதண்டராமனுக்குத்தான் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் கருத்துக்கொண்டு வந்தது. முறிந்த சட்டங்கள் இரண்டையும் அவர் புரட்டிப் பார்த்தார். தனித்தனியாக இரண்டும் உறுதியாக இருந்தன. நீளத்துக்கு ஆசைப்பட்டு ஒட்டுப்போட்டதுதான் தப்பு. இடைவெளியைக் குறைத்து, கறையைச் சுற்றிச் சதுரமாக நாலு கால் நட்டு, அவற்றின் மேல் சட்டங்களைப் படுக்கவைத்தார்கள்.

"முழுக் கார் நிக்காதேண்ணா," என்றான் தணிகாசலம்.

"முன்பாதி நின்னா போதும். எஞ்சின் நனையக் கூடாது. பின்னாடி இன்னா கீது, டிக்கிதான?"

மேலே போட ஷீட் இல்லை. தூறல் விழ ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் பச்சைத் தென்னை ஓலை வெட்டி அடுக்கியிருந்தது. பக்கத்து வீட்டுக் கங்கம்மாளின் மரத்திலிருந்து, எதற்கும் கையில் இருக்கட்டும் என்று தம்பிக்காக மரகதம் வாங்கி வைத்தது. இப்போதைக்கு மூடிவிட்டு, அவன் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். பெண்கள் எல்லாரும் உள்ளே சமையலில் இருந்தார்கள். சாரல் அடிக்கவே பக்கவாட்டிலும் ஓலையைச் சாத்திக் கட்டினார்கள்.

கோதண்டராமன் கால்களைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. மேலே பார்த்தார். தொங்கவில்லை. அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

கங்கம்மாள் தாம்பாளத்தோடு வாசலுக்கு வந்தவள், நின்று பார்த்தாள்.

"குடிசை கட்டியாச்சா? லட்சணமா கீது. தாய்மாமன் எப்ப வந்தான்?"

கோதண்டராமன் திரும்பித் தன் வேலையை இப்போதுதான் பார்த்தார். நாலு கால். பச்சை ஓலை. ஒரு பெண் உட்காருகிற அளவு.

தெருமுனையில் நரசிம்மன் வந்துகொண்டிருந்தான். தலையில் ஓலைக்கட்டு, தோளில் கழிகள். பின்னால் அவன் மனைவி பாஞ்சாலி, இடுப்பில் சீர்த்தட்டோடு. வாசலுக்கு வந்ததும் அவன் கால் நின்றுவிட்டது. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அவன் குடிசையை இன்னொருவன் கட்டினால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவன் இவர்களுக்குச் செத்துப்போனவன். ஓலைக்கட்டு தலையிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க?" மரகதம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மச்சான், இது குடிசை இல்ல. கார் ஷெட்டு."

யாரும் நம்பவில்லை. தணிகாசலம் ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டியதில், பொய்தான் என்பது ஊர்ஜிதமாகிவிட்டது.

"சத்தியமா உன் காருக்குத்தான்," என்றார் கோதண்டராமன். ஓலையை விலக்கித் தரையைக் காட்டினார். "அன்னிக்கி நான் அப்டி பேசியிருக்கக் கூடாது. போய் காரை எட்த்துக்கினு வா. பாதி உள்ள போவும்."

நரசிம்மன் ஓலைக்குக் கீழே இருந்த கறையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

பாஞ்சாலிதான் தட்டை இடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"எந்தக் காரைண்ணா எட்த்துக்கினு வர்றது? கார் வெச்சிக்கினு இந்த வாசலுக்கு வராதன்னு சொன்னீங்கோ இல்ல, சசிகலா சேதி வந்த மறுநாளே அதை வித்துட்டாரு."