மணிக்கோபுரத்தில் ஒரு தர்ணா

“மூணு மணிக்குக் கோபுரத்துல மணி அடிக்கப் போறாங்களாம். முக்கால் மணி நேரம், நடுவுல நிறுத்தாம” என்று எட்கர் பிளெங்கின்சாப் சொன்னதும், கெல்பெக் ஊரின் மாதிரி ரயில் சங்கத்தார் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். ஊர்க் கண்காட்சிக்காக மேஜை மேல் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். யார்க் நகரத்தில் நடக்கும் பெரிய ரயில் கண்காட்சிக்குச் சங்கங்களைப் பொறுக்குகிற மிஸ்டர் ஸ்ப்ரோட் மூன்று மணிக்கு வருகிறார். சங்கத்தின் கூடமோ தேவாலயத்தோடு ஒட்டியது. மணிக்கோபுரத்துக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரே சுவர். மேலே மணி அடித்தால் கீழே ரயில் கவிழும். சங்கம் கூடுகிற செவ்வாய்க்கிழமையில்தான் மேலே மணிப் பயிற்சியும்; ஒரு வருஷமாக வாராவாரம் இந்தக் கூத்துதான்.

“நாளைக்குத்தானே அடிக்கறதா இருந்துச்சு?” என்றார் நார்மன். முயல் தோட்டத்தில் நுழைந்ததைச் சொன்னாலும் அதே நிதானத்தோடு கேட்பவர்.

“ஆட்ரிக்கு முட்டி ஆபரேஷன். நாளைக்கே ஆஸ்பத்திரில சேரணுமாம். அதான் இன்னிக்கு.”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

எட்கர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். “காதுல விழுந்துச்சு.”

காதில் விழவெல்லாம் இல்லை. மணியடிப்பவர்களின் தலைவி ஆட்ரி நேற்று அவரைத் தபால் ஆபீஸ் வாசலில் பிடித்து, “எட்கர், நாளைக்கு மூணு மணிக்கு. வந்துடுவீங்கல்ல? ஒருத்தர் ஊர விட்டுப் போனதுலேர்ந்து, ஆறு மணிய அடிக்க உங்களையும் சேத்து ஆறு பேர்தான் இருக்கோம், ஒருத்தர் இல்லன்னா அவ்வளவுதான்” என்று நேராகவே கேட்டாள். கண்காட்சி நினைவுக்கு வருவதற்குள் எட்கரின் வாய் முந்திக்கொண்டு “வந்துடறேன்” என்றுவிட்டது.

எட்கரைப் பற்றி வெளியாளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போட்டே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். நாலே பேர் கொண்ட இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர், அன்று முதல் தலைவர். கூடத்துக்குள் ரயிலைத் தவிர வேறு பொழுதுபோக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மீறினால் அன்றைய டீக் கோப்பைகளை எல்லாம் கழுவ வேண்டும். தன் தோட்டத்தில் மனிதக் கை பருமனுக்கு விளைந்த லீக் கீரைத் தண்டைப் பற்றிப் பேசி நார்மன் கழுவியிருக்கிறார். நடன வகுப்பில் மனைவியோடு சுழன்ற சந்தோஷத்தைச் சொல்லப் போய் கிளைவ் கழுவியிருக்கிறார். ரொட்டி சுடுகிற பெர்னார்ட் மாவு கையோடு வந்ததற்கே கழுவினார்.

அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஆரம்பித்த அதே நொடியில் ஒரு சரக்கு ரயில் மேட்டிலிருந்து குப்புற விழுந்ததைப் பார்த்துவிட்டு, முகம் சிவக்க, சுழல் படிகளில் ஏறினார். ஊருக்கே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதாகத் திட்டம்.

மேலே வட்டமாக நின்ற ஆறு பேர் ஆளுக்கொரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பளிச் சட்டை போட்ட சாதாரண ஆட்கள். ஒருத்தர் கசாப்புக் கடைக்காரர், ஒருத்தி பள்ளிக்கூடச் சமையல்காரி. ஆட்ரி கயிற்றை விடாமல், “கத்தணும்னா கத்துங்க. ஆனா முடியற வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காந்துக்குங்க” என்றாள்.

எட்கர் உட்கார்ந்தார். கத்தவில்லை.

பாட்டு மாதிரி ஒன்றை எதிர்பார்த்திருந்தார். பாட்டே இல்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை மணிகள் வரிசையாக ஒலித்தன. அடுத்த சுற்றில் இரண்டாவது மணி முன்னால் போனது. அதற்கடுத்த சுற்றில் நாலாவதும் ஐந்தாவதும் இடம் மாறின. ஒவ்வொரு இழுப்புக்கும் வரிசை மாறிக்கொண்டே போனது. யார் கையிலும் காகிதம் இல்லை. யாரும் யாரையும் தொடவில்லை, பேசவில்லை. ஒரு கொழுத்த பசுவின் எடையுள்ள வெண்கலம் தலைக்கு மேல் முழு வட்டம் சுற்றி, ஒரு கண்ணிமைப்பு தள்ளி அடித்து, அடுத்ததற்கு இடம் விட்டது.

எட்கருக்கு, இது ஷண்டிங் அல்லவா, ஆறு பெட்டிகளை யார்டில் இப்படி மாற்றி அப்படி மாற்றி அடுக்குகிற அதே வேலை அல்லவா என்று தோன்றியது. ஆனால் இங்கே தண்டவாளமும் இல்லை, பெட்டியும் இல்லை. எல்லாம் காற்றில் நடக்கிறது. வாழ்நாள் முழுக்க அட்டவணை போட்டவருக்கு, அட்டவணை அழகாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

“ஒரு தடவை இழுத்துப் பாக்கறீங்களா?” என்றாள் ஆட்ரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் கீழே ரயில் கவிழும். “தலைவரே, இத இப்படியே விடக் கூடாது, போய்க் கேளுங்க” என்று சங்கத்தார் கொதிப்பார்கள். எட்கர் படியேறி அரை மணி நேரம் கயிறு இழுத்துவிட்டு, இறங்கி வந்து, “பிடிவாதக்காரங்கப்பா. அடுத்த வாரம் மறுபடி போறேன்” என்பார். சட்டம் போட்ட வாயால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் தலைவர் பதவி போனாலும் பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை சினேகிதம் போய்விடுமே. மனைவி காலமான பிறகு அவரிடம் மிச்சமிருந்தது இந்த மூன்று பேர்தான்.

இன்றைக்கு அடிக்கப் போவதோ அவருடைய முதல் முழு ஆட்டம். முக்கால் மணி நேரம், பிசகாமல். ஒருத்தர் தடுமாறினாலும் எல்லாம் ரத்து. ஆட்ரி மறுபடி எப்போது படியேறுவாள் என்பது டாக்டருக்கே வெளிச்சம்.

“கண்காட்சிய அஞ்சு மணிக்கு வச்சுக்கலாமே” என்றார் எட்கர்.

“நோட்டீஸ் ஒட்டியாச்சு” என்றார் கிளைவ். “நாம எதுக்குத் தள்ளி வைக்கணும்? அவங்கள நிறுத்தச் சொல்லுங்க. நீங்க போனாதான் நடக்கும்.”

எட்கருக்கு வழி கிடைத்தது. “சரி, நான் மேல போறேன். அவங்க நிறுத்தற வரைக்கும் இறங்க மாட்டேன். அங்கேயே தர்ணா.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. பெர்னார்ட் எழுந்து நின்று கைதட்டினார்.

“தனியா எதுக்கு? நாங்களும் வரோம்” என்றார் நார்மன்.

“வேணாம் வேணாம். படி ரொம்பக் குறுகல். ஒரு ஆளுக்கு மேல தாங்காது.”

“அப்ப ஒவ்வொருத்தரா வரோம்.”

“நார்மன், மெயின் லைன் கண்ட்ரோலர உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்.”

ரயிலை ஓட்டும் அந்தக் கண்ட்ரோலரை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. நார்மன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நம்புகிற மனுஷனிடம் பொய் சொல்வது நாளாக நாளாகச் சுலபமாவதில்லை.

“தர்ணா இருக்கறவருக்குப் பசிக்குமே. சாண்ட்விச் அனுப்பறோம்” என்றார் பெர்னார்ட்.

“தர்ணான்னா சாப்பிட மாட்டாங்க.”

“அது உண்ணாவிரதம். நீங்க தர்ணாதானே சொன்னீங்க?”

“ரெண்டும்தான்” என்று சொல்லிவிட்டு எட்கர் ஓட்டமும் நடையுமாக வெளியேறினார். செவ்வாய் தோறும் சங்கத்துக்கு டீ போடுகிற பிரெண்டா, டீ மேஜையில் கேக் வெட்டிக்கொண்டே, “கோட்ட இங்கயே விட்டுட்டுப் போங்களேன், மேல புழுக்கமா இருக்கும்” என்றாள். உட்கார்ந்து தர்ணா செய்கிறவனுக்கு எதற்குப் புழுங்கும் என்று பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

மூன்று மணி. ஆறு பேரும் கயிற்றைப் பிடித்து நின்றார்கள். எட்கரின் கோட்டு ஆணியில் தொங்கியது.

“பாத்துக்குங்க” என்றாள் ஆட்ரி. “முதல் மணி கிளம்புது. கிளம்பிடுச்சு.”

முதல் சில நிமிஷங்கள் எட்கரின் காது மேலேயும் மனசு கீழேயும் இருந்தன. இப்போது சரக்கு ரயில் விழுந்திருக்கும். இப்போது பால் வண்டி. ஸ்ப்ரோட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். என்னால்தான், எல்லாம் என்னால்தான். அந்த யோசனையில் கை ஒரு நூல் முந்திவிட, “எட்கர், மூணாவதுக்கு அப்புறம்” என்று ஆட்ரி தாழ்ந்த குரலில் சொன்னாள். சுதாரித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் கீழே இருந்தது எல்லாம் உதிர்ந்துபோனது. கோபுரம் மெல்ல அசைந்தது, காலடியில் அதை உணர முடிந்தது. அவருடைய மணி முன்னால் போய், ஒதுங்கி, பின்னால் நின்று, மறுபடி முன்னால் வந்தது. அவர் அதை ஓட்டுகிறாரா, அது அவரை ஓட்டுகிறதா என்று தெரியவில்லை. நானூறு வருஷமாக இந்த இடத்தில் யார் யாரோ நின்று, இதே வரிசைகளை இதே காற்றில் அடித்து, ஒன்றையும் மிச்சம் வைக்காமல் இறங்கிப் போயிருக்கிறார்கள். அந்த வரிசையில் கெல்பெக் எட்கருக்கும் ஓர் இடம். இவ்வளவு பெரிய விஷயத்துக்குள் தன்னையும் விட்டார்களே என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. முதலில் ஒரு தட்டு சாண்ட்விச் வந்தது, அதற்குப் பின்னால் நார்மன், அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மிஸ்டர் ஸ்ப்ரோட்.

“இதாங்க எங்க தலைவர்” என்றார் நார்மன். “தர்ணால இருக்கார்.”

எட்கர் சட்டைக் கையை மடித்து, வியர்வை சொட்ட, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். விட முடியாது. விட்டால் ஆறு பேர் உழைப்பும் போச்சு. வாயைத் திறக்கவும் முடியாது, திறந்தால் எண்ணிக்கை தப்பும். நார்மனின் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார். போனது போகட்டும், இதை முடித்துவிட்டு வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த நினைப்போடு அவர் இழுத்த இழுப்புதான் அன்றைக்கு அவர் இழுத்ததிலேயே திருத்தமானது என்று ஆட்ரி பிற்பாடு சொன்னாள்.

ஸ்ப்ரோட் தொப்பியைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நார்மன் தட்டைப் பிடித்தபடியே நின்றார். இருவரும் கடைசிவரை அசையவில்லை.

“நிறுத்து” என்றாள் ஆட்ரி. மணிகள் ஒவ்வொன்றாக மேலே நின்றன.

“அடேயப்பா” என்றார் ஸ்ப்ரோட் மெதுவாக.

எட்கர் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நார்மனைத் தாண்டி விறுவிறுவென்று படியிறங்கினார். கூடத்தில் ஜனம் நிறைந்திருந்தது. கிளைவும் பெர்னார்டும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவர் நேராக அவர்கள் முன்னால் போய் நின்றார்.

“நான் ராஜினாமா பண்றேன்” என்றார். “ஒரு வருஷமா உங்கள ஏமாத்திட்டேன். சண்ட போடப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய் கயிறு இழுத்தேன். சட்டம் போட்டவனே நான். கீரையப் பத்திப் பேசினதுக்கு நார்மனக் கோப்பை கழுவ வச்சவன். இன்னிக்கு நம்ம வண்டிய எல்லாம் கவுத்தவனும் நான்தான். என்னை மன்னிச்சுடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், அது மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல. அத விட என்னால முடியல.”

மேஜை மேல் சரக்கு ரயில் மேட்டில் ஏறி, வளைந்து, சுரங்கத்துக்குள் போனது. பால் வண்டி ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. எட்கர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன வண்டி கவிழ்ந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல” என்றார் கிளைவ், ஷூவைப் பார்த்தபடி. “ஸ்ப்ரோட் நம்மள யார்க்குக்கு வரச் சொல்லிட்டார்.”

“ஒண்ணுகூடவா? முக்கால் மணி நேரம் அடிச்சோமே. செவ்வாய்க்கிழமை அடிக்கற அடிக்கே நாலஞ்சு விழுமே. அது எப்படி?”

பெர்னார்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அப்போதுதான் இறங்கி வந்த நார்மன், கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தீவிரமாகத் தேடினார்.

பிரெண்டாதான் எட்கரின் கையில் ஒரு கோப்பை டீயைத் திணித்தாள்.

“மணி அடிச்சா எங்கயாவது ரயில் கவிழுமாங்க? மொத நாள் நார்மன் முழங்கை பட்டு விழுந்துச்சு, நீங்க மேல போனீங்க; உங்க சம்சாரம் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்ச முகமா இறங்கி வந்தீங்க; அன்னிலேர்ந்து செவ்வாய்க்கிழமை மணிச் சத்தம் கேட்டா போதும், இந்த மூணு பேரும் ஆளுக்கொரு வண்டிய விரலால தட்டி விட்டுட்டு, ‘தலைவரே, போய்க் கேளுங்க’ன்னு உங்கள மேல அனுப்பிட்டிருக்காங்க.”