சத்தமே இல்லாத பல் வைத்தியம்

அடுத்தவர் பல்வலிக்கு ஆறுதல் சொல்வதில் நான் மாவீரன். என் பல் என்று வந்தால் கதை வேறு.

தென்காசியில் மிக்சி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கார்பன் தேய்ந்ததா, புஷ் போனதா என்று சொல்லிவிடுவேன். (இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

என் மகள் நிவேதாவுக்கு அப்போது ஏழு வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. பல்லைக் குடையும் மெஷின் சத்தத்துக்குப் பயந்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்துவிட்டாள். இரண்டு வாரமாகச் சரியான சாப்பாடு இல்லை. குற்றாலம் ரோட்டில் ஒரு டாக்டரம்மா மெஷினே இல்லாமல் சொத்தை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். ஜெல்லைத் தடவி, சொத்தை இளகியதும் சின்னக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுவாராம். நிவேதா நம்பவில்லை.

“ஏட்டி, எனக்கும் சொத்தை இருக்குல்லா? அப்பா மொத உக்காருதேன், நீ பக்கத்துல நின்னு பாரு. நான் பயந்தேன்னா ஒனக்கு வைத்தியமே வேண்டாம், வீட்டுக்குப் போயிரலாம்” என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜெல் ஜில்லென்று இருந்தது. நிவேதாவைப் பார்த்துக் கண்ணடித்தேன். டாக்டரம்மா கரண்டியை வாய்க்குள் கொண்டுவந்தார். கிர்ர்ர்ர்ர்!

அவர் விரலைக் கடித்தது ஞாபகம் இருக்கிறது. கழுத்தில் கட்டிய துணியோடு மாடிப்படி இறங்கியது ஞாபகம் இல்லை. நின்ற இடம், கீழே இருந்த ஜூஸ் கடை. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற சீசன் கூட்டம் மொத்தமும் என்னையே பார்த்தது. கடைக்காரர் மிக்சியை நிறுத்தினார். கிர்ர்ரும் நின்றது.

“என்ன அண்ணாச்சி, இப்படி ஓடி வாரீய? நேத்து நீங்க சரி பண்ணித் தந்த மிக்சிதான். சத்தம் மாடி வரைக்குமா கேக்குது?”

கூட்டம் சிரித்ததுகூடப் பரவாயில்லை. பிள்ளைக்குத் தைரியம் காட்டுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு நானே பயந்து ஓடிவந்தேனே என்றுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளும் அழுதுகொண்டே பின்னால் வருவாள் என்று படியைப் பார்த்தபடி நின்றேன். வரவில்லை.

மேலே போனால், நான் விட்டுவந்த நாற்காலியில் அவள் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். விரலில் பிளாஸ்டர் ஒட்டி, புதுக் கையுறை மாட்டி, டாக்டரம்மா சுரண்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வாய் கொப்பளித்ததும் நிவேதா மெதுவாகச் சொன்னாள். “அது மிக்சிப்பா. நம்ம கடையில தெனமும் கேக்குத சத்தம்லா?”

என் சொத்தைப் பல்லைப் பிறகு பிடுங்கும்படியே ஆகிவிட்டது. நிவேதா இப்போது பிளஸ் டூ. ஆனாலும் சட்னி அரைக்கும் முன் என் மனைவி இன்றும் குரல் கொடுக்கிறாள். “ஏட்டி, மிக்சி போடப்போறேன். வாசக்கதவ சாத்து, அப்பா ஓடிருவாக.”

நிவேதா எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவாள்.