பெண் பார்க்க வந்த வட்டிக்காரர்

நான் பி.காம். முதல் வகுப்பில் தேறியவன். தனி வட்டி, கூட்டு வட்டி எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அப்பேர்ப்பட்ட நான்தான் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினேன். (வருசத்துக்கு நூத்துக்கு நூத்தியிருபது. அதைப் போட்டுப் பார்த்ததே பணத்தை வாங்கின பிறகுதான்.)

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. எங்கள் ஊரில் டீக்கடைக்காரர் முதல் சலூன்காரர் வரை எல்லோர் செல்போனுக்கும் அன்றைய ஏலக்காய் விலை வந்துவிடும். விலை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது. ஒரு மூட்டை வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டுவைத்தால் தீபாவளிக்குள் பெரிய ஆளாகிவிடலாம் என்று முடிவு கட்டினேன். பணத்துக்குச் சென்றாயன் என்ற வட்டிக்காரரிடம் போனேன். ஒரு லட்சம் கேட்டேன். முதல் மாத வட்டியை அப்போதே பிடித்துக்கொண்டு தொண்ணூறாயிரத்தைக் கையில் கொடுத்தார். நான் மூட்டையை வாங்கிய அடுத்த வாரமே விலை விழுந்தது. எங்கள் வீடு மட்டும் பாயச வாசனையடித்துக்கொண்டிருந்தது. 'முதலாளியோட மூட்டை' என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன்.

சென்றாயன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனவர் என்று பெயர் எடுத்திருந்தார். இரண்டு மாத வட்டி நின்றுபோன பிறகு நான் சந்து சந்தாகப் புகுந்துதான் வேலைக்குப் போய்வந்தேன்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டோம். ராசிங்காபுரத்தில் பெண். படம் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. எங்களுடையது அப்பா இல்லாத வீடு என்பதால் பெரியவராக உட்கார்ந்து பேச மாமாதான் வரவேண்டும். அவரோ மலையில் எஸ்டேட்டில் சோலி முடியவில்லை, கீழே இறங்க ஜீப்பும் கிடைக்கவில்லை என்று காலையில் போன் செய்துவிட்டார். பெரிய மனுசர் இல்லாமல் எப்படிப் போவது என்று அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாடகை ஜீப்பின் கதவோரம் வெள்ளை வேட்டி சட்டையில் சென்றாயன் வந்து நின்றார்.

"வட்டிய எடு தம்பி. இல்லாட்டி நானும் வர்றேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

யாரென்று அம்மா கேட்டதும், முதலாளிக்கு ரொம்ப வேண்டியவர் என்று உளறிவிட்டேன். அம்மாவுக்குச் சாமியே இறங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, நீங்கதான் எங்க வீட்டுப் பெரியவரா இருந்து பேசி முடிக்கணும்" என்று அவரை முன்சீட்டில் ஏற்றிவிட்டார். நான் பின்னால் பழத்தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பத்து வட்டிக்குக் கடன் வாங்கினவன் என்று தெரிந்தால் எந்த அப்பன் பெண் கொடுப்பான்?

ராசிங்காபுரத்தில் பெண்ணின் அப்பா கைகூப்பியபடி வாசலுக்கு வந்தார். சென்றாயனைப் பார்த்ததும் 'வாங்க'வில் பாதிதான் வெளியே வந்தது. முகம் செத்துப்போய்விட்டது. ஆளை அடையாளம் கண்டுகொண்டார், என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. பெண்ணின் அப்பா மாப்பிள்ளையான என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சென்றாயனுக்கு மின்விசிறியைத் திருப்பிவைத்தார். கேசரியை மறுபடி மறுபடி தன் கையாலேயே வைத்தார். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். நம்ம பெரியவருக்கு என்ன மரியாதை என்று அம்மா பூரித்துப்போனார்.

"பையன் எப்படிங்க?" என்று பெண்ணின் அப்பா சென்றாயனிடம் கேட்டார்.

சென்றாயன் ஏப்பம் விட்டார். "எங்கயும் ஓடிப்போக மாட்டான். போனாலும் நான் கண்டுபிடிச்சிருவேன்" என்றார். எவ்வளவு பாசம் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பெண், கோகிலா, காப்பித் தட்டோடு வந்தாள். எனக்குக் கொடுத்தாள், அம்மாவுக்குக் கொடுத்தாள். சென்றாயன் முன்னால் வந்ததும் டம்ளரை நீட்டாமல் நின்றுவிட்டாள்.

"அடுத்த வாரம் தர்றேன்னு அப்பா சொன்னாருல்ல பெரியப்பா? வீட்ல விசேசம்னு தெரிஞ்சும் வந்து உக்காந்திருக்கீகளே, இது நல்லாவா இருக்கு?"

பெண்ணின் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். போர் போடக் கடன் வாங்கி, தண்ணீருக்குப் பதில் புழுதி வந்த கதை எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் அவர் நின்ற நிலை எனக்கு நன்றாகத் தெரிந்த நிலை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பெருந்தன்மை எல்லாம் இல்லை, பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"உங்கப்பாகிட்ட வரலைங்க. என்கிட்ட வந்திருக்காரு" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கோகிலா மட்டும் கலங்கவில்லை. "உங்களுக்கு எத்தன வட்டி?" என்று கேட்டாள்.

"பத்து."

"எங்களுக்கு எட்டு."

எனக்கு மானம், மரியாதை, மாப்பிள்ளை முறுக்கு எல்லாம் பறந்துவிட்டது. எழுந்து நின்று, "அவுகளுக்கு எட்டு, எனக்கு மட்டும் பத்தா?" என்று சென்றாயனிடம் சண்டைக்குப் போனேன். அவருக்கு நிலம் இருக்கிறது, உனக்குக் கட்டிலுக்கடியில் வெளுத்துப்போன ஏலக்காய்தானே இருக்கிறது என்றார் அவர். இப்படியாக முதலாளியின் மூட்டை யாருடையது என்பதும் அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்து, வெரசாகப் போய் வங்கியில் அடகு வைத்து வரச் சொன்னார். மூட்டையையும் வந்த விலைக்குத் தள்ளிச் சென்றாயன் கடனை அடைத்தேன். சம்பந்தம் போயே போய்விட்டது என்று நினைத்துச் சோறு இறங்காமல் கிடந்தேன். வாரக் கடைசியில் ராசிங்காபுரத்திலிருந்து போன் வந்தது. தனக்கென்று சேர்த்துவைத்த நகையை வங்கியில் வைத்து அப்பாவின் கடனை அடைக்கச் சொல்லியிருக்கிறாள் கோகிலா. நகை இல்லாமல் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார்கள். சரி என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்னை எதற்குப் பிடித்தது என்று பிற்பாடு கேட்டேன். "பத்து வட்டிக்கு வாங்குற ஆள தனியா விடக்கூடாதுன்னு தோணுச்சு" என்றாள்.

கல்யாணத்துக்குச் சென்றாயனை நாங்கள் யாரும் அழைக்கவில்லை. அவராகவே வந்து, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மேடையேறினார். இரண்டு குடும்பத்துக்கும் நட்டநடுவே அவர் சிரித்துக்கொண்டு நிற்கும் படம்தான் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லோரும் கண் திறந்திருக்கும் படம் அது ஒன்றுதான்.

போன வாரம் என் மகள் அந்தப் படத்தைக் காட்டி, இந்தத் தாத்தா அம்மா வழிச் சொந்தமா, அப்பா வழிச் சொந்தமா என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன்.

கோகிலா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "ரெண்டு வழியும்தான்டி. ஆனா உங்கப்பாவுக்குத்தான் ரெண்டு வட்டி அதிகம்."