எதிரி போட்ட லைக்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேலை. வலைப்பூவில் கமெண்ட் பெட்டியை மூடிவிட்டு, "கருத்துகளை இனி முகநூலில் சொல்லவும்" என்று ஒரு வரி எழுத வேண்டும்.

மூடினேன். ஏனென்றால், அங்கே வந்ததில் பாதி வழுக்கைக்கு எண்ணெய் விற்பவர். மீதிப் பாதி ஸ்ரீரங்கம் ரங்கராஜன் சார்.

சார் பழுத்த பக்திமான். நான் பகுத்தறிவுத் துண்டறிக்கை படித்து அறிவு வளர்த்தவன், போலீஸ் வேனில் ஜன்னலோர இருக்கைக்கு உரிமையுள்ளவன். நான் எது எழுதினாலும் மறுநாள் காலையில் அவருடைய மறுப்பு வந்துவிடும். "முதல் பத்தியே பிழை" என்றுதான் ஆரம்பிப்பார்.

தேர் வந்தால் டவுன் பஸ்ஸை ஏன் நிறுத்த வேண்டும் என்று ரத்தம் கொதிக்க எழுதி முகநூலில் போட்டேன்.

"அருமை அண்ணே!"

ஒரு ரோஜாப்பூ.

பாலக்கரையிலிருந்து என் மச்சான்: "மாமா, போட்டோல இளைச்சிட்டீங்களே. சுகர் பாத்தீங்களா?"

ஒருவர்கூட மறுக்கவில்லை! தடியடி தாங்கிய உடம்பு இது. ரோஜாப்பூ தாங்கவில்லை.

ரங்கராஜன் சார் எங்கே? அப்போதுதான் உறைத்தது. அவர் முகநூலிலேயே இல்லை. இருந்த ஒரே எதிரியை நானே வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

உறையூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

"வாங்கோ! என்ன, கடையைச் சாத்திட்டேளே?"

"சாத்தலை சார். இடம் மாத்திட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?"

மாமி காபியோடு வந்தார். "ஒரு வாரமா காலம்பற எழுந்தா என்னோட சண்டை போடறார். எங்க வேணா கூட்டிண்டு போங்கோ."

அவர் போனை வாங்கிக் கணக்குத் தொடங்கினேன். முகத்துக்குப் பதில் ராஜகோபுரப் படம்தான் வேண்டும் என்றார். பகுத்தறிவாளன் கையாலேயே வைத்தேன்.

அடுத்து, என்னை நண்பராகச் சேர்க்க வேண்டும். சார் விரலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க எனக்கு நண்பரா?"

"வேற பட்டன் இல்லை சார்."

"எதிரின்னு ஒண்ணு வெச்சிருக்க மாட்டானோ?"

"வைக்கலை சார்."

"சரி. தற்காலிகமா."

மறுநாள் காலை முகநூலைத் திறந்தேன். மறுப்பைக் காணோம். என் தேர்க் கட்டுரைக்குக் கீழே ராஜகோபுரப் படம். பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

தென்னூர்த் தோழர் உடனே போன் போட்டார். "தோழர், ஸ்ரீரங்கமே லைக் போடுதே. எப்ப சமரசம் ஆனீங்க?"

நாற்பது வருடப் பெயர், ஒரு விரலில் போயிற்று!

சாருக்கு போன் செய்தேன். "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"படிச்சாச்சுன்னு ஒரு அடையாளம். உங்களை மறுக்கறதுக்கு மணிக்கணக்கா ஆறது. இது சௌகரியமா இருக்கு. இனிமே தினம் போட்டுடறேன்."

போனை வைத்த கையோடு கமெண்ட் பெட்டியைத் திறந்துவிட்டு, சாருக்கும் தகவல் சொன்னேன்.

முதலில் எண்ணெய்க்காரர் வந்தார். அவர் பின்னாலேயே சார்: "முதல் பத்தியே பிழை."

அந்த சந்தோஷத்தில் எண்ணெய்க்காரருக்கும் ஒரு மறுப்பு எழுதினேன்.