சாகச் சம்மதிக்காத பதினோரு பேர்

உலக சினிமா வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி ஃப்ளெக்ஸ் ஒன்று அறிவித்தது. 'ஒரே இரவு, ஒரே அரிவாள், பதினோரு கொலைகள்' என்ற வாசகத்துக்குக் கீழே இயக்குநர் அரங்கநாதன் கைகளைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். ஃப்ளெக்ஸ் கடை அவருடையதே என்பதால் வரலாற்றுக்கு அதிகச் செலவில்லை.

படப்பிடிப்பு தொடங்கி ஒரு வாரமாகியும் ஒருவரும் சாகவில்லை.

அந்தக் கவலை முழுவதும் இணை இயக்குநர் சவரிராயனின் தலையில் விழுந்திருந்தது. இருபத்திரண்டு வருடம் விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். எடுத்த கல்யாணங்களை மாப்பிள்ளையே இரண்டாவது முறை பார்த்ததில்லை. மனைவி லூர்துசெல்வி இந்தத் தடவை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். படம் தியேட்டருக்கு வர வேண்டும், டைட்டிலில் அவர் பெயர் வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அவள் தம்பி வளனின் மல்லாட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் எடைமேடைக்குப் பக்கத்து நாற்காலி. வளன் அந்த நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டான்.

முதலில் சாக வேண்டியவர் வாட்ச்மேன் வேடத்தில் வந்த சின்னக்கண்ணு. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, மூடிக்கிடந்த எண்ணெய் மில்லில் படப்பிடிப்பு. விடியற்காலை நான்குக்கு எழுந்து, பதினெட்டு பேருக்கு இட்லி கட்டிக்கொண்டு, கையில் ரத்த பாட்டிலோடு வந்து சேர்ந்த சவரிராயனிடம் பெரியவர் முடியாது என்றார்.

"பென்சன் லிஸ்ட்ல எவனோ ஒரு தபா என்னச் சாவடிச்சிட்டான் தம்பி. உயிரோடதான் கீறேன்னு சொல்லிக்கினு ஒன்னரை வருசம் அலைஞ்சேன். இப்ப நானே வீடியோல செத்துக் காமிச்சா எவன் நம்புவான்?"

அரங்கநாதன் ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தார். "குத்து மட்டும் வாங்கட்டும். சாவ எடிட்டிங்ல பாத்துக்கலாம்."

பெரியவர் குத்து வாங்க ஒத்துக்கொண்டார். காலில் நிற்கத் தெம்பில்லாத சவரிராயன், மூட்டை அடுக்குக்குப் பின்னால் நிழலாகப் பார்த்து, பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பீட்ரூட் சாறும் ரோஸ்மில்க் எசன்ஸும் கலந்த ரத்தம். பாட்டிலின் மூடி சரியில்லை. அன்று சாயங்காலம் லூர்துசெல்வி அவர் சட்டையைப் பார்த்து, ரத்தம் கக்குவது கதையில் யார் என்று கேட்டாள்.

பிணம் இல்லாததால் இன்ஸ்பெக்டர் வேடம் போட்ட சித்தார்த்தனுக்கு விசாரிக்க எதுவுமில்லை. எனவே கொலை செய்யப்பட்ட சின்னக்கண்ணுவே நடந்து போய் புகார் கொடுப்பதாக மாற்றினார்கள். உயிரோடு இருக்கிறவருக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்திருக்குமே என்று சித்தார்த்தன் கேட்டான். அப்படியானால் கொலைகாரனுக்கு முகமூடி போடு என்றார் அரங்கநாதன். முகமூடியில் கண்ணுக்கு ஓட்டை போட மறந்ததால் கொலைகாரன் முதல் நாளே செக்கில் முட்டிக்கொண்டான்.

கொலைகாரன் அன்புச்செல்வனுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்தது. அவன் மேல்மலையனூர் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தான்.

"அமாவாச வரைக்கும் அருவாளத் தொடமாட்டேன்ணா. வேற எதுனா குடுங்க."

கையில் கிடைத்தது சவரிராயனின் குடைதான். ஒரே அரிவாள் என்று இருபதடி உயரத்துக்கு அடித்து வைத்திருக்கிறோமே என்று அவர் இழுத்தார். குடை ஒரு குறியீடு என்றார் அரங்கநாதன். எதற்குக் குறியீடு என்று கேட்கச் சவரிராயனுக்குச் சக்தியில்லை. குடையைக் கொடுத்துவிட்டுச் செக்குக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்தார்.

கதாநாயகி ஆரோக்கியசெல்வி ஏழு குத்து வாங்கிக் கிணற்று மேட்டில் விழ வேண்டும். அவள் அம்மா வந்து நின்றாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டாவது ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் பெண் சாகக் கூடாது. நியாயம்தான். பெண் கையில் மருதாணி வேறு காய்ந்துகொண்டிருந்தது.

"குத்து வாங்கலாமாம்மா?" என்றார் சவரிராயன்.

"வாங்கட்டும். மூஞ்சில மட்டும் வேணாம், போட்டோ எடுக்கணும்."

அந்தக் காட்சியையும் எடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரே இரவில் நடக்கும் கதைக்கு ஜெனரேட்டர் வாடகை கட்டாது என்று எல்லாவற்றையும் நடுப்பகலில் எடுத்து, பிறகு நீலம் பூசி இரவாக்குவதாகத் திட்டம். கிணற்று மேட்டில் வேப்பமர நிழல் கொஞ்சம் இருந்தது. சவரிராயன் அங்கே ஒதுங்கினார். மூன்றாவது சட்டையும் போயிற்று.

இப்படியே பதினோரு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி, குத்து வாங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். டப்பிங் கிடையாது, எல்லாம் லைவ் சவுண்டு என்று அரங்கநாதன் இரண்டாவது ஃப்ளெக்ஸ் வைத்தார். எடிட்டிங்கை ஒரு சாண் லேப்டாப்பில் அவரே முடித்தார். அதில் தன் பெயர் தெரிகிறதா என்பதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்.

விழுப்புரத்தில் தியேட்டர் நடத்தும் கிருஷ்ணவேணி, படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் காலைக் காட்சிக்கு முன் நேரம் ஒதுக்கினார். சவரிராயன் விடியற்காலை எழுந்து எல்லாருக்கும் இட்லி கட்டிக்கொண்டு வந்தார். பழக்கம். பெரிய மனிதர்களோடு முன்னால் உட்கார மனம் துணியவில்லை. கதவோரமாகக் கடைசி வரிசையில் இடம் பிடித்து, மல்லாட்டை மூட்டைகளை நினைத்துக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்ல ஆரம்பித்தார். விளக்கு அணைந்தது.

நள்ளிரவில் காக்கை கரைந்தது. பேய் உலாவும் பன்னிரண்டு மணிக்குக் கொலைகாரனின் நிழல் காலடியில் கறுப்பாக விழுந்தது. குடையால் கொல்லப்பட்டவர் அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டருக்கு டீ வாங்கி வந்தார். ஏழு குத்து வாங்கியவள் மருதாணிக் கையோடு தலை வாரினாள். பதினோரு பேரும் தங்கள் கொலைகளைப் பார்த்துத் தாங்களே சிரித்தார்கள். அரங்கநாதன் இருக்கையில் இறங்கி இறங்கி, இடைவேளைக்குள் தரைமட்டத்துக்கு வந்துவிட்டார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை.

"மொதல்ல எனக்கும் பேஜாராத்தான் இருந்திச்சி. ஒருத்தரும் சாவல. அப்புறந்தான் கவனிச்சேன். ஒவ்வொரு சீன்லயும் ஓரமா ஒரு பொணம் கெடக்குது. மூட்டைக்குப் பின்னால, செக்குக்குப் பக்கத்துல, கெணத்து மேட்டுல. சட்டையெல்லாம் ரத்தம். ஒரே ஆளு."

அரங்கநாதனுக்கு அப்படி ஒரு பிணத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஆட்டினார்.

"அப்ப கொலகாரன் கொன்னது ஒருத்தரத்தான். பொணத்த மறைக்க எடம் தேடி அலையறான். பாத்தவங்கள கொடையால ஒரு தட்டு தட்றான். அதான் யாரும் சாவல. சரிங்களா?"

"அதுதாங்க கான்செப்ட்."

"பின்னால கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம் வந்து பயங்காட்டுதே, அது இன்னா?"

"மியூசிக்குங்க. ஆறு மாச ஒழைப்பு."

"பொணமா நடிச்சவரு யாரு? இமை கூட அசையல."

"மெட்ராஸ்ல பெரிய நாடக ஆர்ட்டிஸ்ட்டு. மூச்சடக்கற பயிற்சி எடுத்தவரு."

கிருஷ்ணவேணி படத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை. டைட்டிலில் எல்லார் பெயருக்கும் முன்னால், 'பிணமாக' என்று போட்டு, அந்த நடிகரின் பெயர் பெரிதாக வர வேண்டும். வெளியீட்டு நாளில் அவரை மெட்ராஸிலிருந்து நேரில் அழைத்து வர வேண்டும்.

கேபினிலிருந்து இறங்கி வந்த ஆபரேட்டர் தென்னரசு, படியிலேயே நின்று கடைசி வரிசையைப் பார்த்தான்.

"மெட்ராஸுக்கு எதுக்குங்க? மெஷின நிறுத்திப் பத்து நிமிசமாச்சி, அந்த மியூசிக் இன்னும் கதவோர சீட்லேர்ந்து வந்துக்கினுதான் இருக்குது."